முனை மனைக்கு நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்கள்

எங்கள் தெருமுனையில் பல வருடங்களாகப் புல் மண்டிக் கிடந்த மனையின் வேலியில் ஒரு நாள் காலை அறிவிப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. யார் முதலில் பார்த்தார்களோ, அந்தப் படம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது கெடுவில் பாதி ஓடிவிட்டது. அன்று இரவே அவசரக் கூட்டம் போட்டோம். வழக்கமாகப் பத்துப் பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதவில்லை, பாதிப் பேர் வாசலிலேயே நின்றார்கள்.

நான் அப்போது சங்கத்தின் செயலாளர், அதனால் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை நாங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, அடைத்துக்கொண்ட சாக்கடை இவற்றைப் பற்றியவைதான். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதினேன். இந்தக் கட்டடம் வந்தால் தெருவின் அமைதி போய்விடும், எங்கள் வீட்டு மாடிகளிலிருந்து தெரியும் வானம் மறையும், எங்கள் வீடுகளின் மதிப்பு குறையும், முன்பின் தெரியாதவர்கள் நிறையப் பேர் வந்து போவார்கள், ஆகவே அனுமதி தரக் கூடாது. இரண்டு பக்கம். 200 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்துகள் அவை, நடக்க முடியாத ஒரு பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

ஒரு வரியில் பதில் வந்தது. தங்கள் மனு பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க நானும் பொருளாளரும் கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்த அதிகாரி கோப்பை எடுத்து எங்கள் கடிதத்தைத் திறந்து வைத்து, பேனாவை அதன் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து, "நீங்க எழுதினதுல நான் பதில் சொல்ல வேண்டிய வரி எதுங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமோ கேலியோ இல்லை, உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அந்த மனையில் அடுக்குமாடி கட்டலாம் என்பது பகுதியின் மாஸ்டர் பிளானிலேயே முடிவான விஷயம், அந்த வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை கேட்டபோது உங்கள் பகுதியிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம், எனக்கும் தெரிந்திருக்கவில்லை. வேலியில் அறிவிப்பு தொங்கும்போது நாம் பார்ப்பது கடைசி அத்தியாயம். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் ஆலை, எத்தனை உயரம் வரை போகலாம் என்பதெல்லாம் பல வருடங்களுக்கு முன்பே மாஸ்டர் பிளானின் நில உபயோக வரைபடத்தில் வண்ணம் தீட்டி முடிவாகியிருக்கும். அந்த வரைபடம் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் ஒரு சங்கம் போய் நின்று பார்க்கவில்லை என்றால், பிறகு அதற்கு மிஞ்சுவது இந்தக் கட்டடம் எப்படி வரும் என்ற கேள்வி மட்டுந்தான். அந்தக் கேள்வியும் சின்னதில்லை என்பது எங்களுக்குப் பிறகு புரிந்தது.

அலுவலகத்திலிருந்து வந்த பிறகு நிறையப் படித்தேன். பிரிட்டனில் 1947-இல் வந்த நகர ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த நடைமுறையில், ஒரு கட்டட விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை சொல்ல பொதுவாக 21 நாள் தருகிறார்கள். அங்கே என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், என் வீட்டு விலை இறங்கும் என்று எழுதினால் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் குறைவது, அந்தரங்கம் போவது, போக்குவரத்து, வண்டி நிறுத்தம், சத்தம், வெள்ளம், இவற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட என்ன காரணம் எழுதினார்கள் என்பதற்குத்தான் எடை. எங்கள் கடிதத்தின் நான்கு காரணங்களையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். அமைதி என்பதைச் சத்தம் என்று எடுத்துக்கொண்டால் பாதி தேறும். மற்ற எதுவும் தேறாது. 200 பேரும் சேர்ந்து சொன்னது ஒரே கவலையை, அதுவும் யாரும் அளக்க முடியாதபடி.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. விண்ணப்பத்தோடு இருந்த வரைபடத்தின் நகலை வாங்கி வந்து சங்க அறையின் மேசையில் விரித்தோம். சுருண்டு சுருண்டு எழுந்ததால் நான்கு மூலைக்கும் ஒரு சாவிக்கொத்து, ஒரு போன், ஒரு பூட்டு, ஒரு செங்கல் துண்டு வைத்தோம். எங்கள் தெருவில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். அவர்தான் வந்து உட்கார்ந்து, முதலில் வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள், அடுத்து ஸ்கேலைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். 1:100 என்று போட்டிருந்தது. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். பள்ளிக்கூட அளவுகோலைத் தெருவின் மேல் வைத்தார், ஒன்பது சென்டிமீட்டர் வந்தது. "தெரு ஒன்பது மீட்டராம். நம்ம தெரு அவ்வளவு இருக்கா?" என்றார்.

டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு அப்போதே வெளியே போனோம். மதில் சுவரிலிருந்து எதிர் மதில் சுவர் வரை பிடித்தோம், 6.9 மீட்டர். நம்பிக்கையில்லாமல் மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தோம், எங்கேயும் ஏழைத் தாண்டவில்லை. மனையின் வாயிலைத் தெரு திரும்பும் வளைவிலேயே வரைந்திருந்தார்கள். மனைக்குள் நிற்கிற பெரிய வேப்பமரம் வரைபடத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் வண்டி நிறுத்தும் கட்டங்கள் இருந்தன. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சர்வே தாளைப் பார்த்து எங்கோ உட்கார்ந்து வரைந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார், தெருவைத் தினம் மிதிக்கிறவர்கள் சொல்லாவிட்டால் அது தவறு என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

அந்த அளவுதான் எங்கள் இரண்டாவது கடிதத்தின் முதுகெலும்பு ஆனது. ஒரு கார் சுமார் 1.8 மீட்டர் அகலம். தெருவின் இரு பக்கமும் கார் நின்றால், சுவரை ஒட்டியே நின்றாலும், நடுவில் மிஞ்சுவது 3.3 மீட்டர். தீயணைப்பு வண்டி போகும் பாதைக்கு பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதல் கேட்பது 3.7 மீட்டர். இந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு கிரென்ஃபெல் நினைவுக்கு வந்தது. லண்டனில் அந்த அடுக்குமாடியில் குடியிருந்தவர்கள் தீ பாதுகாப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்கள், ஒரு பெரிய உயிர்ச்சேதம் வந்தால்தான் விழிப்பார்கள் என்ற பொருளில் 2016 நவம்பரில் எழுதி வைத்தார்கள். 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் எழுதியது எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் யாரும் சொல்லவில்லையே என்று பிறகு எவரும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் தேதியோடு எழுதி வைத்ததுதான். அதன் பிறகு எங்கள் சங்கத்திலிருந்து தேதியும் எண்ணும் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போனதில்லை, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் நான் திரும்பியதும் இல்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைவிட எளிய கணக்கு கிடையாது. முனை மனை 1,800 சதுர மீட்டர். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 90,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏழரை லாரி. இத்தனை வருடமாக அதில் பெரும்பங்கைப் புல்லும் மண்ணும் குடித்துக்கொண்டிருந்தன. நாளைக்கு மேலே கூரையும் கீழே சிமென்ட்டும் வந்தால், வரைபடத்தில் காட்டியபடி, அத்தனையும் குழாய் வழியாக எங்கள் தெரு வடிகாலுக்கு வரும். போன மழைக்கே அந்த வடிகால் பொங்கி வழிந்தது. அப்போது ஒரு பையன் தன் வீட்டு வாசலில் கோடு போட்ட குச்சியை நட்டு வைத்து மணிக்கு ஒரு படம் எடுத்திருந்தான், பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்காக. படத்தில் மணியும் தெரிந்தது, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதும் தெரிந்தது. எங்கள் கோப்பில் இருந்த ஆதாரங்களிலேயே வலுவானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வண்டிகளையும் எண்ணினோம். இரண்டு நாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வளைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கார், இருசக்கர வண்டி, சைக்கிள், நடந்து போகும் பிள்ளைகள் என்று நான்கு பத்தி போட்டுக் கோடு கிழித்தோம். எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் கூடவே கூடாது என்றேன். எதிர்த்தரப்பிலும் ஆளை உட்கார வைத்து எண்ணுவார்கள். ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மீதி எல்லா எண்ணும் பொய்யாகிவிடும், அடுத்த கடிதத்துக்கும் அதே கதிதான்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான், கடிதத்தின் கடைசி வரியை மாற்ற வைத்த விஷயம் நடந்தது. வரைவைப் படித்துக் காட்டக் கூட்டம் கூட்டியிருந்தோம். "ஆகவே இக்கட்டடத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும்" என்று முடித்திருந்தேன். பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்தார். தெருக்கோடி மாடியில் வாடகைக்கு இருப்பவர், நான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறார், எனக்குப் பெயர்கூடத் தெரியாது. "அண்ணா, எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பாப்பாவை இந்த ஸ்கூல்ல இருந்து மாத்தக் கூடாதுன்னு நாங்க அந்தப் புது வீடுகளைத்தான் நம்பிட்டு இருக்கோம். அதை வேணாம்னு எழுதுறீங்க, எங்க பேரும் சேர்த்துத்தானே எழுதுறீங்க?"

அறை அப்படியே அமைதியானது. ஒருவர், நீங்கள் உறுப்பினர் இல்லையேம்மா என்றார். அது உண்மைதான். எங்கள் பைலாவில், அதாவது சங்க விதிகளில், உறுப்பினர் என்றால் சொந்த வீட்டுக்காரர்தான். தெருவில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்கள் சந்தா கொடுத்தாலும் ஓட்டுக் கிடையாது. ஆனால் எங்கள் லெட்டர்பேடில் 'இப்பகுதியில் வசிக்கும் அனைவர் சார்பாகவும்' என்று அச்சடித்திருக்கிறோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் 2011-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதன்படி ஒரு அக்கம்பக்கத்து மக்களே தங்கள் பகுதிக்கான திட்டத்தை எழுதலாம், அதற்கான மன்றத்தில் குறைந்தது 21 பேர் இருக்க வேண்டும், அங்கே வசிப்பவர்கள், அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் சேரலாம். எழுதிய திட்டத்தைப் பகுதி மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையாக ஏற்க வேண்டும். அங்கே யாரும் வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. இந்தியாவிலும் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்கு வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது, வார்டு என்றால் அதில் வாழ்கிற எல்லோருந்தான். ஒரு தெருவின் தண்ணீரைக் குடித்து, அதன் பள்ளத்தில் வண்டியை விட்டு, அதன் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்திருப்பவருக்கு அந்தத் தெருவின் மேல் உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டியவர் முப்பது வருடம் இங்கேயே இருப்பார், தவறான முடிவின் பலனைக் கடைசி வரை சுமப்பவர் அவர்தான், ஒரு வருடத்தில் கிளம்பிப் போகிறவருக்கும் அவருக்கும் ஒரே ஓட்டா என்று கேட்டார்கள். நியாயமான பயம். அதனால் ஆறு மாதம் குடியிருந்தால் உறுப்பினர் ஆகலாம், சொத்து சம்பந்தப்பட்ட செலவுகளுக்கு மட்டும் உரிமையாளர்கள் ஓட்டுப் போடலாம் என்று பிறகு பைலாவைத் திருத்தினோம். மூன்று கூட்டம் பிடித்தது. இரண்டு பேர் சங்கத்தை விட்டே போய்விட்டார்கள், அதில் ஒருவர் என் நெருங்கிய நண்பர்.

எப்போதும் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே சாலை போட அந்த நகரத்தின் செல்வாக்கான அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்டபோது, சாலையைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கத் தயாராக இருந்தவர்கள் பலர். நான்கு பிள்ளைகளின் தாயான ஷெர்லி ஹேயஸ் 1952-இல் குழு அமைத்து, சாலையே வேண்டாம், பூங்காவில் ஒரு வண்டியும் ஓடக் கூடாது என்று நின்றார். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும், அவர் அந்தப் போராட்டத்தில் பின்னால் வந்து சேர்ந்தவர். 1958-இல் பூங்கா வண்டிகளுக்கு மூடப்பட்டது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான நிலம், போனால் திரும்பக் கிடைக்காது. எங்கள் முனை மனை தனியார் நிலம், அதில் வரப்போவது குடியிருக்க வீடுகள், வீடில்லாமல் தவிக்கும் ஒருவர் என் முன்னாலேயே நின்று கேட்கிறார். இரண்டையும் ஒரே கடிதத்தால் எதிர்க்க முடியாது.

கடைசி வரியை அடித்துவிட்டு, இந்த நான்கு திருத்தங்களோடு அனுமதி தாருங்கள் என்று எழுதினேன். தெருவின் அகலத்தைச் சரியாக அளந்து வரைபடத்தைத் திருத்துவது, வாயிலை வளைவிலிருந்து நேரான பகுதிக்கு நகர்த்துவது, மழைநீரை மனைக்குள்ளேயே இறக்குவது, மரத்தை வரைபடத்தில் காட்டி அதைச் சுற்றி இடம் விடுவது. ஒரு மாடியைக் குறைக்கச் சொல்லியும் தனியாக ஒரு பத்தி எழுதினோம். ஒன்றரைப் பக்கம், பின்னால் அளவுகளும் படங்களும்.

பிறகு பில்டர் தரப்பில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். பெரிய பெரிய வண்ணப் படங்கள், படத்தில் தெருவெல்லாம் நிழல், ஒரு வண்டிகூட நிற்கவில்லை. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அதில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது மூன்றும் நடுப்படிகள், மக்கள் பேசலாம், ஆனால் முடிவு மாறும் என்று உறுதி கிடையாது. எங்களை அந்த நடுப்படியில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் சங்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். "இந்தப் படத்தில் இன்னும் மாற்றக்கூடியது எது?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் வாயிலும் மழைநீர் ஏற்பாடும் மாறலாம் என்றார்கள். அந்த இரண்டையும் பற்றி மட்டுமே மீதி நேரம் முழுக்கப் பேசினோம், சொன்னதை எல்லாம் மினிட் புத்தகத்தில் எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கினோம்.

திருத்திய வரைபடம் இரண்டு மாதம் கழித்து வந்தது. தெரு 6.9 மீட்டர் என்று இருந்தது. வாயில் வளைவை விட்டு நகர்ந்திருந்தது. மனைக்குள் இரண்டு இடத்தில் மழைநீர் இறங்கும் குழிகள் வரைந்திருந்தார்கள். வேப்பமரம் ஒரு சின்ன வட்டமாக, உள்ளே ஒரு புள்ளியோடு இருந்தது. மாடி ஒன்றுகூடக் குறையவில்லை, ஏன் குறைக்க முடியாது என்று காரணத்தோடு பதில் இருந்தது, எங்கள் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு. மாடியைக் குறைக்கவில்லையே என்று இன்றும் சிலருக்கு என் மேல் வருத்தம். நான் அந்தப் பதிலைக் கோப்பில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன், எங்களுக்கு வரி வரியாக வந்த முதல் பதில் அது.

மாஸ்டர் பிளானின் அடுத்த திருத்தம் சீக்கிரமே மக்கள் பார்வைக்கு வரவிருக்கிறது. இந்த முறை அதற்கென்று ஐந்து பேர் குழு போட்டிருக்கிறோம். வரைவாளர் அண்ணன் இருக்கிறார், குச்சி நட்ட பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், அவனும் இருக்கிறான். அன்று பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்ட பெண்தான் குழுவின் பொறுப்பாளர், அடுத்த தெருவிலேயே ஒரு வீடு கிடைத்துவிட்டது அவர்களுக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எல்லாத் தெருக்களையும் சந்துகளையும் அளக்கக் கிளம்புகிறோம். டேப்பின் அந்த முனையைப் பிடிக்க இன்னும் இரண்டு பேர் தேவை.